வைரல் லோடு அடங்கிய பிறகு இதயத்துக்காக நடக்கத் தொடங்குபவர்களுக்கு

எச்.ஐ.வி. இருப்பது தெரிந்த முதல் ஒன்றிரண்டு வருடங்கள் வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரசின் அளவு), சிடி4 (வைரஸ் அழிக்கும் நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை) என்ற இரண்டு எண்களைச் சுற்றியே ஓடிவிடும். ரிப்போர்ட்டில் ‘வைரஸ் கண்டறியப்படவில்லை’ என்று வந்ததும் ஒரு பெருமூச்சு. அப்புறம் மாத்திரை, வேலை, தூக்கம் என்று நாட்கள் ஒரு ஒழுங்குக்கு வந்துவிடுகின்றன. திடீரென்று ஒரு நாள் மாடி ஏறும்போது மூச்சு வாங்கும். அல்லது வேறு எதற்கோ எடுத்த பரிசோதனையில் பிரஷரும் கொலஸ்ட்ராலும் எகிறியிருக்கும். அப்போது இதயம் நினைவுக்கே வராது. ‘மருந்து வேலை செய்யவில்லையோ, பழையபடி ஆரம்பித்துவிட்டதோ’ என்ற பயம்தான் முதலில் வரும். யாரிடமாவது கேட்கலாம் என்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். அதனால் தனியாகக் குழம்பி, தனியாக ஏதோ ஒரு உடற்பயிற்சியைத் தொடங்கி, தனியாகவே அதை விட்டும்விடுகிறோம். பலருக்கு இதில் வருடங்கள் போயிருக்கின்றன. ஜிம் கட்டணம், பவுடர் டப்பாக்கள், தேவையில்லாமல் திரும்ப எடுத்த டெஸ்டுகள் என்று பணமும் போயிருக்கிறது. இந்தப் பாதை எனக்கும் தெரியும். என் கதை இங்கே வேண்டாம். எந்த இடத்தில் எது தடுக்கும், ஏன் தடுக்கும் என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் இதயத்துக்கும் இந்த வைரசுக்கும் என்ன சம்பந்தம் என்று பார்த்துவிடலாம். ரத்தத்தில் வைரஸ் அடங்கினாலும் நோய் எதிர்ப்பு அமைப்பு முழுதாக ஓய்வதில்லை. தொற்றின் ஆரம்ப வாரங்களிலேயே குடல் சுவரில் இருக்கும் சிடி4 செல்கள் பெருமளவில் அழிந்துவிடுகின்றன. மருந்து எடுத்த பிறகும் அந்தச் சுவர் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்புவதில்லை. குடலிலிருக்கும் பாக்டீரியாத் துணுக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குள் வர, எதிர்ப்பு அமைப்பு எந்நேரமும் அரை விழிப்பிலேயே இருக்கிறது. இந்த நாள்பட்ட அழற்சி ரத்தக்குழாயின் உள்சுவரை அரிக்கிறது, கொழுப்பு அங்கே சீக்கிரம் படிகிறது. அதிலும் சுண்ணாம்பு ஏறி இறுகாத, எளிதில் உடையக்கூடிய மென்மையான படிவுகள் நம்மிடம் அதிகம் காணப்படுகின்றன. இதோடு சில பழைய மருந்துகள் கூட்டிய கொழுப்பு, சிகரெட், வயது எல்லாம் சேரும்போது மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மடங்கு ஆகிறது. முப்பது வயதில் இது சின்ன எண்ணின் இரண்டு மடங்குதான், பதற வேண்டியதில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் தள்ளிப்போடக் கூடாது. வழக்கமான அபாயக் கணக்கீடுகள் எச்.ஐ.வி.யைக் கணக்கில் எடுப்பதில்லை, அதனால் நமக்குக் குறைத்தே காட்டும். ‘உங்களுக்கு ரிஸ்க் குறைவுதான்’ என்று யாராவது சொன்னால், எச்.ஐ.வி.யையும் சேர்த்துப் பார்த்தீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

இந்த விவரம் தெரிந்ததும் கோபம் வரும், அது முழுதும் மாத்திரையின் மேல் திரும்பும். ‘இந்த மருந்துதான் இதயத்தைக் கெடுக்கிறது, கொஞ்ச நாள் நிறுத்திப் பார்ப்போம்’ என்று தோன்றாதவர்கள் குறைவு. 2006-ல் வெளிவந்த ஸ்மார்ட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. 5,472 பேரில் ஒரு பாதியினர் மருந்தைத் தொடர்ந்து எடுத்தார்கள். மறுபாதியினர் சிடி4 250-க்குக் கீழே இறங்கும்வரை மருந்து இல்லாமல் இருந்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களிடம் மரணமும் அதிகம், இதய நோயும் அதிகம். வைரஸ் மறுபடி தலைதூக்கினால் அழற்சியும் ஏறிவிடும், ரத்தக்குழாய்க்கு அதுதான் பெரிய அடி. மருந்து சரிப்படவில்லை என்றால் மாற்றிக் கேட்கலாம், அதற்கு இப்போது நல்ல வழிகள் உண்டு. நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

அடுத்தது, ஷூ வாங்குவதற்கு முன்பு செய்ய வேண்டிய பரிசோதனைகள். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு இரண்டு தடவை எடுத்த பிரஷர். வெறும் வயிற்றில் கொலஸ்ட்ரால். வெறும் வயிற்றில் சர்க்கரை. ஹீமோகுளோபின், சிறுநீரகத்துக்காகக் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், ஒரு ஈசிஜி. சர்க்கரையைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை: மூன்று மாத சராசரி காட்டும் எச்பிஏ1சி, ஏஆர்டி (எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்துச் சிகிச்சை) எடுப்பவர்களுக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டுவது உண்டு. எச்பிஏ1சி நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடாமல் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பார்க்க வேண்டும். ஏஆர்டியில் சிடோவுடின் என்ற மருந்து எடுப்பவர்கள் ஹீமோகுளோபினைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த மருந்து எலும்பு மஜ்ஜையை அடக்கி ரத்தசோகை உண்டாக்கும். அப்போது மூச்சு வாங்குவதற்குக் காரணம் இதயமோ பழக்கமின்மையோ இல்லை, ரத்தம் குறைவு. இதைத் தெரியாமல் ‘ஸ்டாமினா இல்லை’ என்று தன்னையே திட்டிக்கொண்டு டிரெட்மில்லில் வேகம் கூட்டுவதில் ஒரு பலனும் இல்லை. நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், மயக்கம், கால் வீக்கம் இருப்பவர்களும், சர்க்கரை அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ஏற்கெனவே இதய நோய் இருப்பவர்களும் மருத்துவர் பார்த்து அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும். தேவையென்றால் எக்கோவும் (இதய ஸ்கேன்) டிரெட்மில் டெஸ்டும் எழுதுவார். இவை எதுவும் இல்லாதவர் மெதுவான நடைக்கு டிரெட்மில் டெஸ்ட் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதய மருத்துவரிடம் எச்.ஐ.வி.யைச் சொல்வதா வேண்டாமா என்பதில் பலர் மாதக்கணக்கில் திண்டாடுகிறார்கள். என் கருத்து நேரடியானது: மாத்திரை எழுதும் யாருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். ஏன் என்பது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றிப் பின்னால் பேசும்போது புரியும். வெளியே வரிசையில் நிற்பவர் காதில் விழுமோ என்ற தயக்கம் நியாயமானதே. அதற்கு எளிய வழி, எடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, பேசாமல் மேசைமேல் வைத்துவிடுவது. பெயரைப் பார்த்தாலே அவருக்குப் புரியும். ஏஆர்டி மாத்திரை பெரும்பாலும் கூட்டு மாத்திரையாக இருக்கும். அதனுள் இருக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரையும் எழுதுங்கள், டப்பாவின் பெயர் மட்டும் போதாது.

இப்போது நடை. உலக சுகாதார அமைப்பு 2020-ல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டுதல் எச்.ஐ.வி. போன்ற நாள்பட்ட நிலைகளோடு வாழ்பவர்களுக்கும் தனியாகப் பரிந்துரை சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே வாரம் 2 நாளாவது தசைப் பயிற்சி. 150 என்ற எண்ணை முதல் வாரமே எட்டப் பார்ப்பவர்கள்தான் மூன்றாவது வாரம் நிறுத்துகிறார்கள். முதல் வாரம் 5 நாள், நாளுக்கு 10 நிமிடம் போதும். ஒவ்வொரு வாரமும் 5 நிமிடம் கூட்டினால் ஐந்தாவது வாரத்தில் நாளுக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 150 நிமிடம் வந்துவிடும். முன்னும் பின்னும் 5 நிமிடம் மெதுநடை இந்தக் கணக்கில் சேராது. கடைசி மெதுநடையை விட்டுவிட்டுச் சட்டென்று நிற்பவர்களுக்குத் தலைசுற்றல் வரும். ரத்தம் கால்களில் தங்கிப் பிரஷர் இறங்குவதே காரணம். வேகத்துக்கு அளவுகோல் பேச்சு. வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். எண் வேண்டும் என்பவர்கள் 220-லிருந்து வயதைக் கழித்து, வருவதில் 64 முதல் 76 சதவீதத்துக்குள் நாடித்துடிப்பை வைத்துக்கொள்ளலாம். 50 வயதுக்காரருக்கு 109 முதல் 129 வரை. மணிக்கட்டில் 15 விநாடி எண்ணினால் 27 முதல் 32 துடிப்பு. பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோப்ரோலால் எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த மாத்திரைகள் துடிப்பை அடக்கிவைக்கும் என்பதால் பேச்சை மட்டும் நம்புங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் ஒரு சலிப்பு வரும். எடை குறைந்திருக்காது, கண்ணாடியில் எதுவும் தெரியாது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் செய்த உடற்பயிற்சி ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, ஒரு தடவைக்கு 20 நிமிடமாவது, வாரம் மூன்று தடவை, குறைந்தது 5 வாரம் செய்தவர்களுக்கே மூச்சுத்திறனும் தசை வலிமையும் மனநிலையும் மேம்பட்டது தெரிந்தது. ஐந்து வாரத்துக்கு முன்னால் தீர்ப்பு எழுதாதீர்கள் என்று அர்த்தம். அதே ஆய்வுகளில் சிடி4, வைரல் லோடு இரண்டிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நடந்தால் வைரஸ் பெருகிவிடும் என்ற பயமும் வேண்டாம், சிடி4 ஏறிவிடும் என்ற ஆசையும் வேண்டாம். மாறுவது வேறு: காலையில் எழுந்ததும் எண்ணும் நாடித்துடிப்பு மெல்ல இறங்கும், அதே மாடிப்படி லேசாகும், டிரைகிளிசரைடு குறையும், பிரஷர் ஏறியிருந்தவர்களுக்கு மேல் எண் 5 முதல் 8 வரை இறங்கலாம். வாரம் ஒரு தடவை காலை நாடித்துடிப்பைக் குறித்துவைப்பது எடை இயந்திரத்தில் ஏறுவதைவிட உற்சாகம் தரும். ஏஆர்டியில் டோலுடெக்ராவிர், டெனோஃபோவிர் அலாஃபெனமைடு என்ற மருந்துகளை எடுப்பவர்களில் சிலருக்கு எடை கூடுவது தெரிந்த விஷயம். எடை நிற்பதைத் தோல்வி என்று கணக்குப் போட்டால் நல்ல பயிற்சியைக் கைவிட்டுவிடுவீர்கள்.

தசைப் பயிற்சி நமக்கு இரட்டிப்பு அவசியம். ஏஆர்டி தொடங்கிய முதல் இரண்டு வருடத்தில் எலும்பு அடர்த்தி 2 முதல் 6 சதவீதம் குறைவது வழக்கம், டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் இருந்தால் இன்னும் கூடுதல். எலும்பில் பாரம் ஏறும் பயிற்சி அதற்கு நல்லது; தசை கூடினால் சர்க்கரையும் கட்டுக்குள் வரும். உபகரணம் தேவையில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தண்டால், படியில் ஏறி இறங்குவது, குதிகால் உயர்த்துவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் குனிந்து இழுப்பது, முழங்கை ஊன்றிய பிளாங்க் என்று ஆறு போதும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொன்றும் ஒரே ஒரு செட், 10 தடவை. கடைசி இரண்டு மூன்று தடவை கஷ்டமாக இருக்க வேண்டும், ஆனால் உடம்பு கோணக் கூடாது. பிறகு இரண்டு செட், மூன்று செட். 15 தடவை சுலபமாக வந்தால் மட்டும் பாரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரே தசைக்கு 48 மணி நேர இடைவெளி வேண்டும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கித் தூக்கினால் அந்தச் சில விநாடிகளில் பிரஷர் தாறுமாறாக ஏறும், இதயத்துக்காகத் தொடங்கிய வேலை இதயத்துக்கே சுமையாகிவிடும்.

இந்தக் கட்டத்தில்தான் பலரைக் கதிகலங்க வைக்கும் அந்த ரிப்போர்ட் வரும். ஞாயிறு அன்று உற்சாகத்தில் தொடைக்கும் தோளுக்கும் முரட்டுத்தனமாகப் பயிற்சி, செவ்வாய் அன்று வழக்கமான ரத்தப் பரிசோதனை. கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற என்சைம்கள் இரண்டும் ஏறியிருக்கும். எஸ்ஜிபிடியைவிட எஸ்ஜிஓடி அதிகமாக இருக்கும். ‘கல்லீரலில் பிரச்சினை, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல’ என்ற பேச்சு வரும். ஹெபடைடிஸ் டெஸ்ட், ஸ்கேன், மருந்து மாற்றம் பற்றிய யோசனை, தூக்கமில்லாத இரவுகள். உண்மையில் அந்த இரண்டு என்சைம்களும் தசையிலும் இருக்கின்றன. பழக்கமில்லாத கடும் பயிற்சிக்குப் பிறகு ஆரோக்கியமானவர்களுக்கும் அவை ஒரு வாரம்வரை ஏறி நிற்கும். பிரித்தறிய வழி இருக்கிறது: கூடவே தசைச் சேதத்தைக் காட்டும் சிபிகே டெஸ்ட் எடுத்தால் அது ஆயிரக்கணக்கில் எகிறியிருக்கும், கல்லீரல் என்சைமான ஜிஜிடி இயல்பாக இருக்கும். அப்படியென்றால் பெரும்பாலும் காரணம் தசை. ஒரு வாரம் கடும் பயிற்சியை நிறுத்தித் திரும்ப எடுத்தால் இறங்கியிருக்கும். ரால்டெக்ராவிர், டோலுடெக்ராவிர் வகை மருந்துகளும் சிலருக்கு சிபிகேவை ஏற்றும் என்பதால், முந்தைய வாரம் என்ன பயிற்சி செய்தீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்ல வேண்டும். பெரும்பாலும் யாரும் கேட்கமாட்டார்கள். இனிமேல் ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய 7 நாள் பாரம் தூக்குவது வேண்டாம், சாதாரண நடை மட்டும். சிடி4 எடுக்கும் காலையில் நடையும் வேண்டாம். கடும் உழைப்புக்குப் பின் ஒன்றிரண்டு மணி நேரம் ரத்தத்தில் லிம்ஃபோசைட் (சிடி4-ஐ உள்ளடக்கிய வெள்ளணு வகை) எண்ணிக்கை தற்காலிகமாக இறங்கும், அந்த எண்ணைப் பார்த்துவிட்டு மாதம் முழுக்கக் கவலைப்படுவீர்கள். ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது: கடும் பயிற்சிக்குப் பின் தசை வீங்கி, சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உடம்பு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போடுவது அடுத்த பொறி. டெனோஃபோவிர் டைசோப்ராக்சில் எடுப்பவர்களுக்கு இந்த வலி மாத்திரைகள் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று அடிவாங்கலாம். வியர்த்து நீர் வற்றிய உடம்பென்றால் அபாயம் இன்னும் கூடும். இவை பிரஷரையும் ஏற்றும், இதயத்துக்கும் நல்லதில்லை. வலி தாங்கவில்லை என்றால் பாரசிட்டமால், அல்லது தடவும் ஜெல். அதைவிட நல்லது, வலி அவ்வளவு வராதபடி அடுத்த தடவை ஒரு செட் குறைத்துச் செய்வது.

பவுடர், மாத்திரை டப்பாக்களில் போன பணம்தான் எனக்கு அதிக எரிச்சல். பணம் போனதோடு நிற்பதில்லை, மருந்தையே அவை கெடுக்கும். டோலுடெக்ராவிர், பிக்டெக்ராவிர் வகை மருந்துகள் கால்சியம், இரும்பு, மெக்னீசியம், துத்தநாகம், அலுமினியம் போன்ற தாதுக்களோடு குடலில் ஒட்டிக்கொள்ளும், ரத்தத்தில் போதிய அளவு சேராது. டோலுடெக்ராவிரோடு ஒரே நேரத்தில் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட் எடுத்தால் மருந்தின் அளவு சுமார் 74 சதவீதமும், வெறும் வயிற்றில் கால்சியத்தோடு எடுத்தால் சுமார் 39 சதவீதமும் குறைகிறது. புரத பவுடர் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் பாருங்கள், பலவற்றில் இந்தத் தாதுக்கள் சேர்த்திருப்பார்கள். டோலுடெக்ராவிர் மாத்திரையை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். கால்சியம், இரும்பு மட்டும் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே நேரத்தில் எடுக்கலாம். ஆன்டாசிட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. தசைக்காக விற்கும் கிரியாட்டின் பவுடர் வேறு வகைத் தொல்லை. டோலுடெக்ராவிர் தொடங்கிய முதல் மாதத்தில் ரத்த கிரியாட்டினின் 0.1 முதல் 0.2 வரை ஏறி அப்படியே நிற்கும். சிறுநீரகம் கெடவில்லை, வெளியேற்றும் ஒரு வழியை மருந்து அடைப்பதால் வரும் ஏற்றம் அது. அதன் மேல் கிரியாட்டினும் சேர்ந்தால் எண் இன்னும் ஏறி, டெனோஃபோவிர்தான் காரணம் என்று நல்ல மருந்தை மாற்றிவிட வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் சிஸ்டாட்டின் சி என்ற டெஸ்ட் விஷயத்தைத் தெளிவாக்கும். ‘இயற்கை முறையில் கொலஸ்ட்ரால் குறைப்பு’ என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்ஸ்யூலில் இருப்பது லோவாஸ்டாட்டின் என்ற அதே ஸ்டாட்டின்தான். மற்ற மருந்துகளின் அளவை உடம்பில் ஏற்றிவிடும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் என்ற மருந்துகள் தங்கள் ஏஆர்டியில் இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

ஸ்டாட்டினுக்கு வருவோம். எவ்வளவு நடந்தாலும் கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்டிஎல் சொற்பமாகத்தான் இறங்கும். ‘மூன்று மாதம் நடந்தும் எல்டிஎல் இறங்கவில்லை’ என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். நடை செய்கிற வேலை ரத்தக்குழாயின் நெகிழ்வு, பிரஷர், சர்க்கரை, மூச்சுத்திறன். எல்டிஎல்லைக் குறைப்பது ஸ்டாட்டின் மாத்திரையின் வேலை. ரிப்ரீவ் என்ற பெரிய ஆய்வு 40 முதல் 75 வயதுவரை உள்ள, எச்.ஐ.வி.யோடு வாழும் 7,769 பேரை 12 நாடுகளில் பின்தொடர்ந்தது. எல்லோரும் ஏஆர்டியில் இருந்தவர்கள், இதய அபாயம் குறைவு அல்லது மிதம் என்று கணிக்கப்பட்டவர்கள். தினம் பிட்டாவாஸ்டாட்டின் 4 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் 35 சதவீதம் குறைந்தன. முடிவு 2023-ல் வெளியானது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க வழிகாட்டுதலில் இந்த வயதினருக்கு ஸ்டாட்டின் பரிந்துரை வந்துவிட்டது. சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்களும் தசை வலி சொன்னவர்களும் ஸ்டாட்டின் பிரிவில் கொஞ்சம் அதிகம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எச்.ஐ.வி.யைச் சொல்லாமல் ஸ்டாட்டின் வாங்குவதில் இருக்கும் ஆபத்து இங்கேதான். சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின் இரண்டும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட்டோடு சேரவே கூடாது. ஸ்டாட்டின் அளவு ரத்தத்தில் பல மடங்கு ஏறித் தசை சிதையும். அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அளவு வரம்பு உண்டு. பிட்டாவாஸ்டாட்டினுக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. ஒரு நடைமுறை யோசனை: ஸ்டாட்டின் தொடங்கும் முதல் மாதம் பயிற்சியின் அளவைக் கூட்டாதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்றினால் வலி எதனால் என்று கடைசிவரை தெரியாது. பயிற்சி வலி, வேலை கொடுத்த தசையில் மட்டும் ஓரிரு நாளில் உச்சம் தொட்டு இறங்கும். ஸ்டாட்டின் வலி இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோளிலும் ஒரே மாதிரி, ஓய்வெடுத்த நாட்களிலும் இருக்கும்.

கால்களைக் கவனிக்காமல் போனவர்களும் உண்டு. வைரசோ, ஸ்டாவுடின் போன்ற பழைய மருந்தோ நரம்பைப் பாதித்திருந்தால் பாதம் மரத்திருக்கும். கொப்புளம் வந்ததே தெரியாது. ஷூ போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், கழற்றியதும் உள்ளங்காலைப் பாருங்கள். பழைய மருந்துகளால் கொழுப்பு கரைந்தவர்களுக்குப் பாதத்தின் மெத்தையும் பிட்டத்தின் சதையும் மெலிந்திருக்கும். தடித்த அடி உள்ள ஷூவும், சைக்கிளில் அகலமான சீட்டும் இல்லாமல் பத்து நிமிடம்கூடத் தாங்காது. கன்னத்திலும் கைகாலிலும் போன அந்தக் கொழுப்பைப் பயிற்சி திருப்பித் தராது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு நடையால் குறையும், வயிற்றுப் பயிற்சியால் குறையாது. நடந்தால் தொடை இடுக்கில் வலி வந்து வாரக்கணக்கில் போகவில்லை என்றால் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் முனை ரத்தம் போகாமல் அழிவது நம்மிடம் கூடுதலாக வருகிறது, ஸ்டீராய்டு எடுத்தவர்களிடம் இன்னும் அதிகம். ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே காட்டும், எம்ஆர்ஐ கேளுங்கள்.

ஜிம்முக்குப் போகலாமா என்ற தயக்கத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்குகிறவர்கள் நிறைய. வியர்வையால் பரவாது, எச்சிலால் பரவாது, ஒரே டம்பெல், ஒரே துண்டால் பரவாது. டிரெய்னரிடம் சொல்லும் கடமை கிடையாது. ‘பிரஷர், கொலஸ்ட்ரால் இருக்கிறது, மூச்சை அடக்கித் தூக்கமாட்டேன்’ என்றால் அவருக்குத் தேவையானது அவ்வளவுதான். அடிபட்டு ரத்தம் வந்தால் எல்லோரையும்போலக் கட்டுப்போட்டுத் துடைத்துவிடுங்கள். கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் 1991 நவம்பரில் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை வெளியில் சொல்லி ஓய்வு பெற்றார். 1992 பிப்ரவரியில் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் ஆடிச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார், அதே வருடம் ஒலிம்பிக் தங்கமும் வாங்கினார். இன்றைய கூட்டு மருந்துச் சிகிச்சை வராத காலம் அது.

சிகரெட் பற்றி நீட்டவில்லை. நல்ல சிகிச்சை கிடைக்கும் டென்மார்க்கில் நடந்த ஆய்வில், எச்.ஐ.வி. உள்ளவர்கள் வைரசால் இழந்த ஆயுளைவிடச் சிகரெட்டால் இழந்த ஆயுள் இரண்டு மடங்குக்கும் மேல். புகைத்துக்கொண்டே நடப்பவர் நடையின் பலனில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.

எப்போது நிறுத்த வேண்டும்? நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் அழுத்தம், அது இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, காரணமில்லாத குளிர்வியர்வை வந்தால் உடனே உட்காருங்கள். ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் ஆம்புலன்ஸ். வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வெறும் மூச்சுத்திணறலாக, குமட்டலாக, அசாதாரணக் களைப்பாக மட்டும் வரலாம். அவசர சிகிச்சையில் இருப்பவர்களிடம் இரண்டு விஷயம் கூச்சமின்றிச் சொல்லியாக வேண்டும்: ஏஆர்டி மருந்துப் பெயர்கள், ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் அல்லது டாடலாஃபில் எப்போது எடுத்தீர்கள் என்பது. சில்டெனாஃபில், டாடலாஃபிலோடு நெஞ்சுவலிக்கான நைட்ரேட் கொடுத்தால் பிரஷர் அதலபாதாளத்துக்கு இறங்கும். ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் எடுப்பவர்கள் உடம்பில் இந்த மாத்திரைகள் வழக்கத்தைவிட நீண்ட நேரம் தங்கும். அதனால்தான் ரிட்டோனாவிரோடு சில்டெனாஃபில் 48 மணி நேரத்துக்கு 25 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறார்கள். உழைக்கும்போது மயங்கி விழுவது, கணுக்கால் வீக்கம், ஒவ்வொரு மாதமும் கூடிக்கொண்டே போகும் மூச்சிரைப்பு ஆகியவை நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தத்தின் அறிகுறியாக இருக்கலாம். எக்கோ எடுக்கும்வரை பயிற்சி வேண்டாம்.

காய்ச்சல், பயணம், மனச்சோர்வு என்று இடையில் விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். காய்ச்சல் முழுதாக விட்டு இரண்டு நாள் ஆன பிறகு, பழைய நேரத்தில் பாதியிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தாலும் இதே பாதிக் கணக்குதான், பாரமும் பாதி. புதிதாக ஏஆர்டி தொடங்கி சிடி4 200-க்குக் கீழே இருப்பவர்கள் முதல் சில மாதம் லேசான நடையோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த நாட்களில் விடாத இருமல், இரவு வியர்வை, எடை இறக்கம் இருந்தால் நடைக்கு முன்னால் காசநோய்ப் பரிசோதனை.